முகம் மாறினால் புதுக் காரா?

கோலார் தங்கவயலில் நாற்பது வயதைத் தாண்டியவர்களில் அம்பாசிடர் காரில் ஏறாதவரைக் காண்பது அரிது. மாப்பிள்ளை அழைப்புக்கு அந்தக் கார். பிரசவ வலி கண்ட பெண்ணை நடுநிசியில் ஏற்றிச் சென்றதும் அந்தக் கார். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பின்சீட்டில் படுக்க வைத்து, வெங்கடகிரிகோட்டா தாண்டி, பேரணாம்பட்டு மலைப்பாதையில் மெல்ல இறக்கிக் கொண்டு போனதும் அதே கார்தான்.

மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் அந்தக் காரைச் செய்து வந்த ஆலை 2014-ம் ஆண்டு மே மாதம் வேலையை நிறுத்தியது. பத்தாண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனாலும் "அந்தக் காலத்து வண்டி போல வருமா?" என்ற பேச்சு ராபர்ட்சன்பேட்டையில் ஓயவில்லை. "போங்க தாத்தா, புது மாடலைப் பாருங்க" என்று இளவட்டங்கள் பதில் சொல்கிறார்கள். இரண்டு தரப்பும் செய்வது ஒரே தவறு. பெரியவர்கள் பழைய முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். பிள்ளைகள் புது முகத்தைப் பார்த்து மயங்குகிறார்கள். பானெட்டைத் திறந்து பார்த்துப் பேசுகிறவர்கள் குறைவு.

இது வெறும் திண்ணைப் பேச்சாக இருந்தால் விட்டுவிடலாம். 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்ட பின், தங்கவயல் வீடுகளின் பிழைப்பு பெங்களூரை நம்பி இருக்கிறது. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுகிறவர்கள் ஒரு பக்கம். கடன் வாங்கி ஒரு குடும்பக் காரை எடுத்து, மஞ்சள் பலகை மாட்டி, பெங்களூரில் வாடகைக்கு ஓட்டுகிறவர்கள் இன்னொரு பக்கம். தவணை கட்டி முடிக்க ஐந்து வருஷம், ஆறு வருஷம். அம்மாவின் நகை, அப்பாவின் சேமிப்பு எல்லாம் அந்த நான்கு சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே "புது மாடல்" என்ற இரண்டு சொல்லுக்கு என்ன பொருள் என்று கேட்பது வீண் வேலை அல்ல.

மார்க் 1, மார்க் 2, மார்க் 3...

அம்பாசிடரின் கதையை எடுத்துக் கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு, ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1957-58-ல் அதைக் கொண்டு வந்தது. முதலில் இருந்தது 1,476 சி.சி. பழைய பாணி எஞ்சின். 1959-ல் அதை எடுத்துவிட்டு, 1,489 சி.சி. எஞ்சினை வைத்தார்கள். வால்வுகள் மேலே அமைந்த அந்த எஞ்சினுக்கு 55 குதிரைத் திறன். இது உண்மையான மாற்றம். மறுப்பதற்கில்லை.

அதன்பின் நடந்தது என்ன?

1962-ல் மார்க் 2 வந்தது. முகப்பு கிரில் மாறியது, டாஷ்போர்டு மாறியது. 1975-ல் மார்க் 3. மறுபடியும் கிரில், மறுபடியும் டாஷ்போர்டு. 1979-ல் மார்க் 4. கிரில்லின் கட்டங்கள் சிறிதாயின, முன் விளக்குகளின் அமைப்பு மாறியது. எஞ்சின்? அதே 1,489 சி.சி. கியர்? அதே ஸ்டீயரிங் தண்டில். பிரேக்? நான்கு சக்கரத்துக்கும் அதே டிரம் பிரேக். பின்புறம் லாரிக்கு இருப்பது போன்ற அதே இரும்புப் பட்டைகள். ஒவ்வொரு முறையும் வாங்குகிறவர் "புது மாடல் எடுத்திருக்கிறேன்" என்று தேங்காய் உடைத்தார்.

சுரங்கத்தில் இறங்கியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. கூண்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தால் கயிறு புதிதாகிவிடாது. சாம்பியன் ரீஃபில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய மனிதர், கூண்டின் நிறத்தைப் பார்த்தா கால் வைத்தார்?

இப்படி நடந்ததற்குக் கம்பெனியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்குத் தடை. இத்தனை வண்டிக்கு மேல் செய்யக்கூடாது என்று லைசென்சு. அந்நியச் செலாவணிப் பஞ்சம். பணம் கட்டியவர் வருஷக் கணக்கில் காத்திருந்தார். வாங்குகிறவன் வரிசையில் நிற்கும்போது விற்கிறவன் எதற்காக மெனக்கெட வேண்டும்? பம்பாயில் செய்த ஃபியட்டும் இதே கதைதான். 1972-ல் பிரீமியர் பிரசிடென்ட் என்று பெயர் வைத்தார்கள். 1974-ல் பத்மினி என்றார்கள். 1,089 சி.சி. எஞ்சின் மாத்திரம் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓடிக் கொண்டிருந்தது.

சென்னையில் நடந்த கூத்து

உடம்பை மாற்றிவிட்டு உள்ளத்தை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி 1985-ல் 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை வெளியிட்டது. பிரிட்டனின் ரோவர் எஸ்.டி.1 காரின் உடல் அது. அந்த ரோவர், 1977-ல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்ற விருதைப் பெற்றது. பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் உள்ளே வைத்ததோ 1940-களின் வான்கார்டு கார் வம்சத்தைச் சேர்ந்த இரண்டு லிட்டர் எஞ்சின். மாப்பிள்ளை உடுப்பு, கிழவரின் மூச்சு. 1988-க்குள் அந்தக் காரின் ஆட்டம் முடிந்துவிட்டது.

ஹிந்துஸ்தான் மோட்டார்சும் இதையே செய்தது. 1984-ல் வந்த கான்டெஸாவுக்கு வாக்ஸ்ஹால் காரின் அகன்ற உடல். எஞ்சின் அம்பாசிடரின் 1,489 சி.சி. ஆனால் ஒரு வித்தியாசம். தவறு புரிந்ததும் அந்தக் கம்பெனி ஜப்பானின் இசுசு எஞ்சினை எண்பதுகளிலேயே கான்டெஸாவுக்கு வாங்கிப் பொருத்தியது. அப்படியானால் பக்கத்திலேயே நின்ற அம்பாசிடருக்கு ஏன் பொருத்தவில்லை? அதற்குத் தொண்ணூறுகள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. வசதியானவரின் காருக்கு முதல் பந்தி. டாக்சிக்காரரின் காருக்குக் கடைசிப் பந்தி. இந்த வழக்கம் அத்தோடு போய்விடவில்லை என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

போட்டி வந்த பிறகு

1983 டிசம்பர் 14-ல் முதல் மாருதி 800 கார் கைமாறியது. அதன்பின்தான் அம்பாசிடருக்கு நிஜமாகவே வியர்த்தது. 1990-ல் நோவா என்று ஒன்று வந்தது. அதுவும் பெரும்பாலும் முகப்பூச்சுதான். அடுத்து வந்த 1800 ஐ.எஸ்.இசட். தான் சொல்லத்தக்க புது அம்பாசிடர். 1,817 சி.சி. இசுசு எஞ்சின், 75 குதிரைத் திறன், தரையில் ஐந்து கியர், முன்னால் தனித்தனி இருக்கைகள், சீட் பெல்ட். பழைய டீசல் அம்பாசிடரை ஓட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். 1980-ல் வந்த அந்த டீசல் வண்டிக்கு ஏறக்குறைய 37 குதிரைத் திறன்தான். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு பேரணாம்பட்டிலிருந்து மலை ஏறினால், பின்னால் வரும் பஸ் டிரைவர் ஹாரனை விட்டுக் கையை எடுக்கமாட்டார்.

ஆனாலும் புது வண்டியைப் பார்த்து டாக்சிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காரணம் உண்டு. பழைய வண்டியில் முன்சீட் ஒரே நீளப் பலகை. கியர் ஸ்டீயரிங்கில் இருந்ததால் டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். கியர் தரைக்கு வந்ததும் ஒரு ஆள் போயிற்று. சவாரிக்கு ஒரு ஆள் போவது என்பது வருஷத்தில் சின்னத் தொகையா? புதுமை வரும்போது எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருகிறது.

அம்பாசிடருக்கு உரிய பெருமையைக் கொடுக்காமல் விடுவதும் தவறு. அதன் உயரம் ஏறக்குறைய 1,600 மில்லிமீட்டர். முழங்கால் வலிக்காரரான பாட்டி நாற்காலியில் அமர்வதுபோல் ஏறி அமரலாம். இன்று தெருவெல்லாம் ஓடும் டிசையரின் உயரம் 1,525. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரமோ அம்பாசிடரில் 2,464, மூன்றாம் டிசையரில் 2,450. அறுபது வருஷத்தில் வித்தியாசம் 14 மில்லிமீட்டர்! வழியில் நின்றால் பெத்தமங்கலத்திலும் மெக்கானிக் கிடைப்பார். கார்புரேட்டரைக் கழற்றி ஊதி மாட்டினால் வண்டி கிளம்பிவிடும். இப்போதைய வண்டிக்கு முதலில் கம்ப்யூட்டரை மாட்டி நோய் கேட்க வேண்டும். பி.பி.சி.யின் 'டாப் கியர்' நிகழ்ச்சி 2013-ல் உலகின் சிறந்த டாக்சி என்று அம்பாசிடரைச் சொன்னது. மறு வருஷமே ஆலை நின்றது. 2013-14-ல் விற்றவை சுமார் 2,200 வண்டிகள்தான். பாராட்டியவர்களில் எத்தனை பேர் அதை வாங்கியிருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

டிசையரின் நான்கு பிறவி

இன்றைய வண்டிக்கு வருவோம். அம்பாசிடரின் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பது மாருதி டிசையர். இதுவும் நான்கு பிறவி எடுத்துவிட்டது. ஆனால் அம்பாசிடரைப் போல கிரில்லை மட்டும் மாற்றிவிட்டுத் தப்பிக்க இதனால் முடியவில்லை.

2008-ல் வந்த முதல் டிசையரின் நீளம் 4,160 மில்லிமீட்டர். டிக்கி 440 லிட்டர். 2012-ல் வந்த இரண்டாவது டிசையர் 3,995 மில்லிமீட்டராகச் சுருங்கியது. காரணம் அழகல்ல, நான்கு மீட்டருக்குக் குறைந்த காருக்கு எக்சைஸ் வரி குறைவு. டிக்கி 316 லிட்டராயிற்று. புது மாடல் பழையதைவிடச் சிறியது! வரி குறைந்ததில் விலை இறங்கியது. விமான நிலையச் சவாரிக்காரரின் இரண்டாவது பெட்டி மடிக்கு வந்தது. 2017-ல் வந்த மூன்றாவது, டிக்கியை 378 லிட்டருக்கு உயர்த்தியது. 2020-ல் டீசல் எஞ்சினை நிறுத்தினார்கள். நாளெல்லாம் ஓட்டுகிறவருக்கு இது பெரிய அடி.

2024 நவம்பரில் நான்காவது வந்தது. நான்கு சிலிண்டர் போய் மூன்று சிலிண்டர். குதிரைத் திறன் ஏறக்குறைய 90-லிருந்து 82 ஆக இறங்கியது. கம்பெனி கணக்குப்படி லிட்டருக்கு 22.41 கிலோமீட்டராக இருந்தது 24.79 ஆக ஏறியது. "பவரைக் குறைத்துவிட்டார்களே" என்று இளைஞர்கள் அலுத்துக் கொண்டார்கள். பெங்களூரில் சில்க் போர்டு சந்திப்பில் ஊர்ந்து செல்லும் வண்டிக்கு எட்டுக் குதிரை குறைந்தால் என்ன, கூடினால் என்ன?

உண்மையான மாற்றம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. எல்லா ரகத்துக்கும் ஆறு காற்றுப் பைகள். குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 மூன்றும் சேர்ந்து செய்யாத காரியம் இது.

யாருக்குப் புதிது?

இங்கேதான் பழைய பந்தி வழக்கம் திரும்ப வருகிறது. 2017-ல் புதிய டிசையர் வந்தபோது, அதற்கு முந்திய உடலே 'டூர்' என்ற பெயரில் வாடகைக்கு ஓட்டுகிறவர்களுக்குத் தொடர்ந்து விற்கப்பட்டது. 2024-ல் நான்காவது டிசையர் வந்தபோதும் வாடகைக்காரருக்கு உரிய 'டூர்' மூன்றாவதின் உடலில்தான் இருந்தது. விலை குறைவு, பராமரிப்புப் பழகியது என்று காரணம் சொல்லலாம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வாங்கியவர் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வருகிறார். வாடகைக்கு ஓட்டுகிறவர் நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சாலையில் இருக்கிறார். அப்போது வாரத்தில் ஒரு நாள் ஓட்டுகிறவருக்கு ஐந்து நட்சத்திர உடல் கிடைத்தது. ஏழு நாளும் ஓட்டுகிறவருக்கு முந்தைய உடல்தான் கிடைத்தது. மோதலில் அடிபட அதிக வாய்ப்பு யாருக்கு?

கம்பெனிகள் விற்பனைக் கணக்கைப் பார்க்கும். அது அவர்கள் தொழில். சர்க்கார் பார்க்க வேண்டாமா? வாடகைக்குப் பதிவாகும் வண்டியும் அதே மோதல் சோதனைக்குப் போக வேண்டும், அதன் மதிப்பெண் விற்பனைக் கூடத்தில் விலைப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே தொங்க வேண்டும் என்று உத்தரவு போட்டால் கஜானா காலியாகிவிடாது. ஏறுகிற பயணியும் அதைக் கேட்டுப் பழக வேண்டும். ஏ.சி. ஓடுகிறதா என்று கேட்கிறவர்கள், பின்சீட்டு பெல்ட் எங்கே என்று கேட்பதில்லை.

தங்கவயலிலிருந்து கார் எடுக்கப் போகும் பிள்ளைகள், விற்பனைக் கூடத்தில் பெரிய திரையையும் சக்கர அழகையும் காட்டும்போது கொஞ்சம் பொறுக்கட்டும். இது எந்த வருஷத்து உடல், எத்தனை காற்றுப் பை, மோதல் சோதனை இந்த உடலுக்கு நடந்ததா அல்லது இதன் தம்பிக்கு நடந்ததா என்று கேட்கட்டும். பதிலை வாய்ப்பேச்சாக விடாமல், விலைச்சீட்டின் கீழே எழுதி வாங்கிக் கொண்டு, அதன்பிறகு கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடட்டும்.