தகுதியின் வாரிசுகள்

2018 மே மாதத்தில் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக விடுதியில் ஒரு கறுப்பின ஆய்வு மாணவி, கட்டுரை எழுதிக் களைத்துப் பொது அறையில் உறங்கிவிட்டார். அதே விடுதியில் தங்கியிருந்த வெள்ளையின மாணவி காவல்துறையை அழைத்தார். வந்த காவலர்களுக்குத் தன் அறைக் கதவைத் தன் சாவியால் திறந்து காட்டினார் கறுப்பின மாணவி. அதன் பிறகும் அவரிடம் அடையாள அட்டை கேட்கப்பட்டது. சாவி கையிலிருந்தும் அந்த அறை தன்னுடையதுதான் என்று மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

இதை ஒரு தனிநபரின் மனக்கோணல் என்று முடித்துவிடுவது எளிது. யேலின் வரலாறு அதற்கு இடம் தரவில்லை.

அப்பெயருக்குரிய எலிஹு யேல் சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக 1687 முதல் 1692 வரை இருந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஊழியத்திலும் சொந்த வணிகத்திலும் இங்கே அவர் குவித்த செல்வத்தின் ஒரு சிறு பகுதிதான் 1718இல் நன்கொடையாக அமெரிக்கா சென்றது. 1680களின் பஞ்சத்தில் பட்டினியால் வாடிய இம்மண்ணின் மக்கள் அடிமைகளாக விலைக்கு வாங்கப்பட்டனர். ஐரோப்பாவுக்குப் புறப்படும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்ற வேண்டும் என்று முடிவு செய்த கூட்டத்தில் அவரும் இருந்தார். அந்தப் பல்கலைக்கழகத்தின் அருங்காட்சியகத்தில் அவரது ஓவியம் ஒன்று உள்ளது. அதன் ஓரத்தில் கழுத்தில் உலோக வளையம் பூட்டப்பட்ட கறுப்பினச் சிறுவன் ஒருவன் நிற்கிறான்.

1831இல் யேல் அமைந்துள்ள நியூ ஹேவன் நகரில் கறுப்பின இளைஞர்களுக்கென ஒரு கல்லூரி தொடங்கும் திட்டம் எழுந்தது. நகரப் பிரமுகர்கள் கூட்டம் கூட்டினர். திட்டத்துக்கு எதிராக 700 வாக்குகள், ஆதரவாக 4. எதிர்த்தவர்களின் முன்வரிசையில் யேலைச் சேர்ந்தவர்கள் இருந்தனர். மூன்றாண்டுகளுக்குப் பின் ஜேம்ஸ் பென்னிங்டன் அங்கே வந்தார். மேரிலாந்து பண்ணையிலிருந்து தப்பிய அடிமை, கொல்லர். வகுப்பில் உட்கார்ந்து கேட்கலாம். கேள்வி கேட்கக் கூடாது, பதில் சொல்லக் கூடாது, நூலகத்தில் ஒரு புத்தகமும் எடுக்கக் கூடாது, பதிவேட்டில் பெயரும் இராது. இவற்றுக்கு உடன்பட்டே அவர் பயின்றார். ஜெர்மனியின் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகம் அவருக்கு 1849இல் கௌரவ முனைவர் பட்டம் வழங்கியது. யேல் பட்டம் வழங்கியது 2023இல். அவர் மறைந்து ஒன்றரை நூற்றாண்டு கழிந்த பிறகு.

அடிமைமுறையோடு தனக்கிருந்த தொடர்புக்காக 2024 பிப்ரவரியில் யேல் மன்னிப்பும் கேட்டது. அது தானாகக் கனிந்த மனமல்ல. அடிமைமுறையைப் போற்றிய கால்ஹூனின் பெயரைத் தன் கல்லூரி ஒன்றிலிருந்து நீக்க முடியாது என்று 2016 ஏப்ரலில் அதே நிர்வாகம் அறிவித்திருந்தது. சில வாரங்களில், அக்கல்லூரியின் உணவுக்கூடத் தொழிலாளி ஒருவர் துடைப்பக் கழியை எடுத்து, அடிமைகள் பருத்தி சுமக்கும் காட்சி தீட்டப்பட்ட சன்னல் கண்ணாடியை உடைத்தார். அவரும் கறுப்பினத்தவர். கைது செய்யப்பட்டார், வேலை பறிபோனது. மாணவர்களும் நகர மக்களும் வீதிக்கு வந்தனர். வழக்கு கைவிடப்பட்டது, வேலை திரும்பக் கிடைத்தது. அடுத்த பிப்ரவரியில் பெயர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. பேராசிரியர் குழுக்கள் விவாதித்துக்கொண்டிருந்ததை அந்தத் துடைப்பம் விரைவுபடுத்தியது என்றால் மிகையன்று.

பெயர்ப் பலகைகள் மாறும் காலத்திலேயே சேர்க்கைக் கதவு குறுகியது. 2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் கொள்வது சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. ராணுவப் பயிற்சிக் கல்லூரிகளை மட்டும் அது தீர்ப்பின் வரம்புக்கு வெளியே விட்டுவைத்தது. போர்க்களத்துக்குக் கறுப்பின அதிகாரி வேண்டும், இயக்குநர் குழுவுக்கு வேண்டாம் என்பதுதான் இதன் பொருள் என்று மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி கேட்டாஞ்சி பிரவுன் ஜாக்சன் சுட்டிக்காட்டினார். விளைவு அடுத்த ஆண்டே தெரிந்தது. எம்.ஐ.டி.யில் புதிதாகச் சேர்ந்தவர்களில் கறுப்பினத்தவர் ஏறத்தாழ 13 சதவீதத்திலிருந்து 5 ஆகவும், ஆம்ஹெர்ஸ்ட் கல்லூரியில் 11லிருந்து 3 ஆகவும் வீழ்ந்தனர்.

இத்தீர்ப்பை வரவேற்றவர்களின் சொல் நம் வாசகர்கள் நெடுங்காலமாகக் கேட்டுப் பழகியதுதான்: தகுதி. அந்தத் தகுதியின் கணக்கு ஹார்வர்டு வழக்கிலேயே வெளிவந்தது. முன்னாள் மாணவர்களின் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு இடம். மற்ற விண்ணப்பதாரர்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு. இடம்பெற்ற வெள்ளையின மாணவர்களில் 43 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், முன்னாள் மாணவர் பிள்ளைகள், நன்கொடையாளர் தொடர்புடையோர், பேராசிரியர் பிள்ளைகள், விளையாட்டு வீரர்கள் ஆகிய சலுகைப் பட்டியல்களில் வந்தவர்கள். 1920களில் யூத மாணவர்களைத் தடுக்கக் கையாண்ட வழிகளில் ஒன்றாக வேரூன்றிய இந்த வாரிசு முன்னுரிமை மீது உச்ச நீதிமன்றம் கை வைக்கவில்லை. பாட்டனுக்கு நுழைவு மறுக்கப்பட்ட வளாகத்தில் பேரனுக்கு எந்த வாரிசுரிமை இருக்க முடியும்?

யேலும் இம்முறையைக் கைவிடவில்லை. கனெக்டிகட் மாநிலச் சட்டமன்றத்தில் 2022இல் வாரிசு முன்னுரிமையைத் தடைசெய்யும் மசோதா வந்தபோது, யேலின் சேர்க்கைத் துறைத் தலைவர் அதை எதிர்த்துச் சாட்சியமளித்தார். பல்கலைக்கழகத்தின் சேர்க்கை முடிவுகளில் அரசு தலையிடலாகாது என்பது அவர் முன்வைத்த வாதம்.