காதுக்குச் சொட்டு மருந்து: ஐந்து நம்பிக்கைகள், ஐந்து மறுப்புகள்

கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் விடியுமுன் ஜீப் ஏறி, கேரளத்தின் சக்குபள்ளம், ஆனக்கரைப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களிடம் காது வலிக்கிறது என்று சொல்லிப் பாருங்கள். "மெடிக்கல்ல ஒரு சொட்டு மருந்து வாங்கி விடுங்க" என்பார்கள். மாத்திரை என்றால் தயங்குகிறவர்கள்கூடச் சொட்டு மருந்துக்குத் தயங்குவதில்லை. அதற்கு அவர்கள் சொல்லும் காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. "வெளியிலதான விடுறோம், உள்ள போகாது."

செவிப்பறை முழுசாக இருக்கும்வரை இது சரி. நாள்பட்டுச் சீழ் வடியும் காதில் பறையில் ஓட்டை இருக்கும். அதன் வழியே மருந்து நடுக்காதுக்குள் இறங்கி, உட்காதையும் எட்டலாம். மலிவாகக் கிடைக்கும் ஜென்டாமைசின், உட்காதின் நுண்ணிய மயிர்ச் செல்களைக் கொல்லக்கூடியது. மெனியர் நோயின் கடும் தலைச்சுற்றலை அடக்க, சமநிலை உறுப்பைச் செயலிழக்க வைப்பதற்காகவே மருத்துவர்கள் இதை நடுக்காதில் ஊசியால் செலுத்துவதுண்டு. அதே மருந்தைத்தான் பறையின் நிலை தெரியாமல் வீட்டில் விடுகிறோம்.

2. "எந்தக் காதுவலியும் இதுல கேட்டுரும்."

சளி பிடித்த குழந்தைக்கு வலி பறைக்குப் பின்னால் இருக்கிறது; பறை மூடியிருக்க, வெளியே விடும் ஆன்டிபயாடிக் அங்கே போய்ச் சேராது. கடைவாய்ப் பல் சொத்தையும் தொண்டைப்புண்ணும் காதுவலியாகத் தெரியும். மழைக்காலத்தில் ஈரம் காயாத காதில் வளர்வது பெரும்பாலும் பூஞ்சை. அங்கே ஆன்டிபயாடிக்கும் ஸ்டீராய்டும் கலந்த சொட்டு பூஞ்சைக்குத்தான் வசதி. ஜீப் கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும்போது காது அடைப்பது காற்றழுத்த மாற்றத்தால். எச்சில் விழுங்கினாலோ கொட்டாவி விட்டாலோ போதும்.

3. "குரும்பி கரையட்டும்னு விடுறேன்."

குரும்பி அழுக்கு அல்ல, காதின் காப்பு. பெரும்பாலும் தானே வெளியேறிவிடும். கட்டிப்போனால் இளக்கலாம், ஆனால் கடைச் சொட்டுகள் வெறும் தண்ணீரையோ உப்புநீரையோ விடச் சிறந்தவை என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை என்கிறது 2018இல் வெளிவந்த காக்ரேன் மருத்துவ ஆய்வுத் தொகுப்பு. பெரிய ஆபத்து வேறு: ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் அது நரம்புக் கோளாறாகவும் இருக்கலாம். அதற்கான ஸ்டீராய்டு சிகிச்சையைச் சில நாட்களுக்குள் தொடங்க வேண்டும். குரும்பி என்று நினைத்துச் சொட்டு விட்டுக் காத்திருந்தால் அந்த நாட்கள் கழிந்துவிடும்.

4. "டாக்டரும் இதத்தான எழுதுவாரு."

பல நேரம் இதைத்தான் எழுதுவார். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சிப்ரோஃப்ளாக்சசின் காதுச் சொட்டு இருக்கிறது. ஆனால் அவர் முதலில் விளக்கடித்துப் பறையைப் பார்ப்பார், சீழைத் துடைத்தெடுப்பார். சீழ் நிரம்பிய காதில் விடும் மருந்து அதன்மேலேயே மிதந்து வழிந்துவிடும். இந்த ஆன்டிபயாடிக் சொட்டுகள் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத அட்டவணை எச் மருந்துகள். சீட்டில்லாத ஆன்டிபயாடிக் விற்பனையைத் தடுக்க, 2024இல் கேரள அரசு 'ஆபரேஷன் அம்ரித்' என்று கடைகளில் சோதனையே நடத்தியது.

5. "ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் கூலி போயிரும்."

மற்ற நான்கையும்விட வலுவான காரணம் இது. அதனால் எல்லாக் காதுவலிக்கும் ஓட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. லேசான வலிக்குப் பாரசிட்டமால் போட்டு, காதில் தண்ணீர் படாமல், எண்ணெய் காய்ச்சி ஊற்றாமல், பட்ஸால் குடையாமல் இரண்டு நாள் பார்க்கலாம். ஆனால் சீழ் அல்லது ரத்தம், திடீர்ச் செவித்திறன் குறைவு, தலைச்சுற்றல், முகம் கோணுதல், காதுக்குப் பின்னால் வீக்கம், சர்க்கரை நோயாளிக்குத் தூங்கவிடாத காதுவலி ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குத் தோட்ட ஜீப்பை விட்டுவிட்டு, கம்பம் அல்லது கட்டப்பனை அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மெடிக்கலுக்குப் போவது, அங்கே எழுதித் தரும் சீட்டோடு இருக்கட்டும்.