குழம்புச் சாமானை நாம் விட்டுவிடலாமா?

மாசி, பங்குனி பிறந்தால் நம் மளிகைக் கடைகளில் ஒரு தனிக் கூட்டம் இருக்கும். "புது மிளகாய் வந்துவிட்டதா?" என்று கேட்டுக்கொண்டே தாய்மார்கள் வருவார்கள். மிளகாய், தனியா, மஞ்சள், மிளகு, சீரகம், வெந்தயம், துவரம்பருப்பு என்று ஒரே சீட்டில் ஆண்டு முழுவதற்குமான குழம்பு மிளகாய்த்தூள் சாமான் போகும். வெயிலில் காயவைத்து, மில்லில் அரைத்து, ஆறவிட்டு டப்பாவில் அடைத்தால் அடுத்த மாசி வரை கவலையில்லை. இரும்பை, வானூர் பக்கத்துக் கிராமங்களிலும் விழுப்புரம், திண்டிவனம் நகரங்களிலும் இவ்வழக்கம் முற்றாகப் போய்விடவில்லை. ஆனால் குறைந்துவருகிறது என்பதை நாம் அறிவோம்.

பாக்கெட் மசாலாவைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது வசதி, நாமும்தான் விற்கிறோம். ஆனால் அதன் விலையை அச்சிட்டு அனுப்புவது கம்பெனி. நமக்குக் கிடைப்பது அவர்கள் தரும் கமிஷன் மட்டுமே. அதே பாக்கெட் பக்கத்திலுள்ள புதுச்சேரியின் பெரிய கடையில் தள்ளுபடியில் கிடைத்தால், இரும்பைக்காரர் நம்மிடம் ஏன் வரவேண்டும்?

வருவதற்கு ஒரே காரணம், அவர் வீட்டுக் குழம்பின் ருசி. ஒரு வீட்டில் தூளுக்குப் பருப்பு சேர்ப்பார்கள், குழம்பு கெட்டிப்படும். இன்னொரு வீட்டில் சோம்பு தூக்கலாக இருக்கும், கறிக்குழம்பு மணக்கும். களிக்குத் தொட்டுக்கொள்ளும் மொச்சைக் கருவாட்டுக் குழம்புக்கு ஒரு பக்குவம், வடகம் தாளித்த மீன் குழம்புக்கு வேறொன்று. இத்தனை கணக்கையும் எந்த பாக்கெட்டும் அடக்காது. நம் கடைச் சீட்டு அடக்கும்.

நம் பக்கமும் தவறு உண்டு. பழைய மிளகாயைப் புதியதோடு கலப்பதும், தனியாவில் காம்பையும் தூசியையும் எடை போடுவதும் சிலர் செய்வதே. மூட்டையைத் திறந்துவைத்துத் தூள் விற்பவர்களும் உள்ளனர். அரைத்த மசாலாவைப் பொட்டலமிடாமல் விற்க 2011ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிமுறைகள் இடம் தரவில்லை என்பதை நினைவூட்டுகிறோம். இது வெறும் சட்டக் கெடுபிடியன்று. 2005இல் சூடான் சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸில் சேர்ந்ததால், பிரிட்டனில் நூற்றுக்கணக்கான உணவு வகைகள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. தூளில் கலப்படத்தைக் கண்ணால் காண்பது அரிது. முழு மிளகாயில் சொத்தை, பூஞ்சை, பழசு எல்லாம் வாங்குபவர் கண்ணுக்கே தெரியும். அந்த நம்பிக்கைதான் நம் முதலீடு.

ஆகவே மூன்று யோசனைகளைக் கூறுகிறோம். ஒன்று, முண்டு மிளகாய், நீள மிளகாய், தனியா, விரலி மஞ்சள் ஆகியவற்றைச் சலித்துச் சுத்தமாக, தரவாரியாக விலை எழுதி வையுங்கள். இரண்டு, வாடிக்கையாளரின் குழம்புத்தூள் அளவை ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். மாமியார் சொன்ன அளவு மருமகளுக்கு நம் கடையிலிருந்தே கிடைக்கட்டும். மூன்று, பக்கத்து மில்லுடன் பேசி, அவர்கள் கண்ணெதிரே அரைத்துத் தர ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அரைக்க முடியாதவர்களுக்கு அரைக் கிலோவாகவும் அரைத்துக் கொடுக்கலாம்.

மொத்த வியாபாரிகளும் சில்லறைக் கடைகளுக்குப் பழைய சரக்கைத் தள்ளிவிடாமல் ஒத்துழைக்க வேண்டுகிறோம். குழம்பு கொதிக்கும் வீடு உள்ளவரை மளிகைக் கடைக்கு வேலை உண்டு. அந்த வேலையை நாமே பிறரிடம் ஒப்படைத்துவிட வேண்டாம்.