சிங்கு எல்லையை மறக்காதீர்கள்!



2021 அக்டோபர் 15, விடியற்காலை. டெல்லி சிங்கு எல்லையில், உழவர் போராட்ட மேடைக்குப் பக்கத்தில், போலீஸ் வைத்த இரும்புத் தடுப்பில் ஒருவரைக் கொன்று கட்டியிருந்தார்கள். ஒரு கையை வெட்டியிருந்தார்கள். பஞ்சாபின் தரன் தாரன் மாவட்டத்துத் தலித் கூலித் தொழிலாளி அவர். சீக்கியர்களின் புனித நூலை அவமதித்தார் என்பது, கொன்ற நிஹாங்குகள் என்ற சீக்கியப் போர்ப் பிரிவினர் சொன்ன காரணம். சொந்த ஊரில் சிதை மூட்டியபோது பிரார்த்தனை சொல்லக்கூட யாரும் வரவில்லை.

போராட்டக் கூட்டமைப்பு கொலையைக் கண்டித்தது. கூடவே, கொன்றவர்களும் செத்தவரும் எங்களைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்றது. கொன்றவர்கள் சரி. நிலமில்லாத கூலி நம்மவர் இல்லையென்றால் நாம் யாருக்காகக் கொடி பிடிக்கிறோம்?

சீக்கியருக்குக் குரு கிரந்த் சாகிப் வெறும் நூல் அல்ல, உயிருள்ள குரு. இரவில் பள்ளியறைக்கு எடுத்துச் செல்வார்கள், விடியுமுன் கொண்டுவந்து அமர்த்துவார்கள். 2015 ஜூனில் ஃபரீத்கோட் மாவட்டத்து குருத்வாராவிலிருந்து அது களவு போனது. அக்டோபரில் அதே மாவட்டத்துப் பர்காரியில் அதன் கிழிந்த தாள்கள் சிதறிக் கிடந்தன. நியாயம் கேட்டு உட்கார்ந்தவர்கள்மீது பெஹ்பல் கலானில் போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். அந்த வேதனையைக் கேலி பேசும் பகுத்தறிவு நமக்கு வேண்டாம்.

ஆனால் அந்த வேதனையை வைத்துப் பிழைப்பவர்களை விடக்கூடாது. 2021 டிசம்பரில் பஞ்சாபின் கபூர்தலாவில், அவமதித்தான் என்று சொல்லி ஓர் இளைஞனை அடித்தே கொன்றார்கள். அங்கே அவமதிப்பு நடந்ததற்கு ஆதாரமே இல்லை என்று பிறகு போலீஸ் சொன்னது. போன உயிர் போனதுதான்.

பஞ்சாப் ஆட்சியாளர்களோ, புனித நூலை அவமதித்தால் ஆயுள் தண்டனை என்று மசோதாவை நீட்டுகிறார்கள். 2016இல் அகாலி ஆட்சி, 2018இல் காங்கிரஸ் ஆட்சி, 2025 ஜூலையில் ஆம் ஆத்மி ஆட்சி. கட்சிதான் மாறியது, மசோதாவின் சாரம் மாறவில்லை. பர்காரி வழக்கை ஒழுங்காக நடத்துவதைவிட மசோதா கொண்டுவருவது அவர்களுக்குச் சுலபம்.

இந்தப் பாதையில் பாகிஸ்தான் முன்னாலேயே போய்ப் பார்த்துவிட்டது. குரானை அவமதித்தால் ஆயுள் தண்டனை என்று 1982இல் ஜியா உல் ஹக் ஆட்சி சட்டம் போட்டது. கும்பல் அடங்கியதா? 2023 ஆகஸ்ட் 16 அன்று ஜரன்வாலாவில், குரான் தாள்கள் அவமதிக்கப்பட்டன என்று சொல்லி இருபதுக்கு மேற்பட்ட தேவாலயங்களைக் கொளுத்தினார்கள். உள்ளே இருந்த விவிலியங்களும் எரிந்தன. கிறிஸ்தவக் குடும்பங்கள் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து இரவைக் கழித்தன. கும்பலிடமிருந்து காக்காத சட்டம், குற்றம் சாட்டுகிறவன் கையில் மட்டும் ஆயுதமாகிறது.

அதே நாட்டில்தான் இன்னொன்றும் நடந்தது. 2021 டிசம்பரில் சியால்கோட் ஆலையொன்றில், இலங்கையிலிருந்து போய் மேலாளராக இருந்தவரை மதச் சுவரொட்டியைக் கிழித்தார் என்று சூழ்ந்தார்கள். உடன் வேலை பார்த்த ஒருவர் தன் உடம்பையே கேடயமாக்கி அவரை மறைத்தார். காப்பாற்ற முடியவில்லை. தனி ஆள். பக்கத்தில் இருபது பேர் நின்றிருந்தால்?

அந்த இருபது பேராக நாம் இருக்க வேண்டும், தோழர்களே. ஆயுள் தண்டனை மசோதாவைத் தெருவில் நின்று எதிர்ப்போம், பர்காரிக்கு நியாயம் கேட்டும் அதே தெருவில் நிற்போம். எந்த வேதத்தின் பெயரால் எங்கே கூட்டம் திரண்டாலும், தகவல் வந்த முதல் மணி நேரத்திலேயே புறப்படுங்கள். கண்டன அறிக்கையைத் திரும்பி வந்து எழுதிக்கொள்ளலாம்.