பட்டியலும் பரிசும்

மார்கழி பிறந்துவிட்டால் நம் இல்லங்கள் பலவற்றில் பிள்ளைகளிடையே ஒரு வாதம் மூண்டுவிடுகின்றது. அமெரிக்காவில் வழங்கப்பெறும் ஆஸ்கார் பரிசுக்கு எந்த ஐந்து கார்ட்டூன் படங்கள் தெரிவாகும் என்பதே வாதப்பொருள். அனிமேஷன் என்று இக்காலப் பிள்ளைகள் கூறும் படங்கள் இவையே. பிள்ளை விளையாட்டென்று பெரியோர் இதனை ஒதுக்கிவிடலாகாது. நம் பெற்றோர் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று இதனுள் உண்டு.

2025 ஜூலையில் 'மகாவதார் நரசிம்மா' என்னும் படம் வெளிவந்தது. தமிழ்க் குரலிலும் அது திரையிடப்பட்டது. பாட்டியின் மடியில் கேட்ட பிரகலாதன் கதையைப் பிள்ளைகள் திரையில் கண்டு களித்தனர். 300 கோடி ரூபாய்க்கு மேல் அப்படம் ஈட்டியதாக ஏடுகள் எழுதின. நவம்பரில் அகாடமியார் வெளியிட்ட 35 படங்களின் பட்டியலில் அதன் பெயரும் இருந்தது. ஆஸ்கார் போட்டியில் நம் நாட்டுப் படம் என்று செய்தி பரவவே, நாமும் பூரித்தோம். 2026 ஜனவரியில் ஐந்து பெயர்கள் அறிவிக்கப்பட்டபோது நரசிம்மம் அவற்றுள் இல்லை. பிள்ளைகள் வாடிப்போயினர். வெவ்வேறான இரண்டு பட்டியல்களை நாம் ஒன்றெனக் கொண்டதே அவ்வாட்டத்திற்குக் காரணம்.

முதலாவது தகுதிப் பட்டியல். படம் 40 நிமிடங்களுக்கு மேல் ஓடவேண்டும். அதன் நேரத்தில் முக்கால் பங்கேனும் அனிமேஷனாக இருத்தல் வேண்டும். லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் முதலிய குறிப்பிட்ட அமெரிக்க நகரங்களுள் ஒன்றில் பொதுவாக 7 நாள்கள் திரையிடப்பட்டிருத்தலும் வேண்டும். இவற்றை நிறைவேற்றி விண்ணப்பித்த படங்கள் இப்பட்டியலில் இடம்பெறும். தேர்வெழுத நுழைவுச்சீட்டுப் பெறுவது போன்றதே இது. தேர்ச்சி பெற்றதாக ஆகாது. 2012-ஆம் ஆண்டில் 'டெல்லி சஃபாரி' என்னும் இந்தியப் படமும் 21 படங்கள் அடங்கிய இத்தகைய பட்டியலில் இருந்தது. ஆயினும் ஐந்தினுள் ஒன்றாகவில்லை. அந்த ஐந்தையும் திரைத்தொழிலைச் சேர்ந்த அகாடமி உறுப்பினர்கள் வாக்களித்துத் தெரிந்தெடுக்கின்றனர்.

ஆகவே, வசூலை மட்டும் நோக்கிக் கணிப்போர் ஏமாறுவர். டிஸ்னியின் 'ஃப்ரோஸன் 2' 2019-இல் உலகெங்கும் பெரும்பொருள் ஈட்டியும் ஐந்தினுள் வரவில்லை. அவ்வாண்டில் 'ஐ லாஸ்ட் மை பாடி' என்னும் பிரெஞ்சுப் படம் இடம்பெற்றது. அது அதற்கு முன்னரே கான் விழாவிலும், அனிமேஷனுக்கென்றே நடைபெறும் அன்னெசி விழாவிலும் பரிசு பெற்றிருந்தது. 2025 மார்ச்சில் ஆஸ்கார் பரிசையே வென்ற 'ஃப்ளோ', லாட்வியா என்னும் சிறு நாட்டவர் ஒருவரின் படம். அதில் வசனம் ஒரு சொல்லும் இல்லை. எவரும் விலையின்றிப் பெறத்தக்க 'பிளெண்டர்' என்னும் கணினி மென்பொருளால் அது ஆக்கப்பட்டது. அதுவும் முந்திய ஆண்டே கானிலும் அன்னெசியிலும் காட்டப்பெற்றது. பெரிய நிறுவனங்களின் படங்களும் ஆண்டுதோறும் இடம்பெறத்தான் செய்கின்றன. எனினும் எஞ்சிய இடங்களைக் கணிக்க விரும்பும் பிள்ளைகள் திரையரங்கின் கூட்டத்தைவிட இவ்விழாக்களின் முடிவுகளையே கவனித்தல் நன்று.

இத்துறை நம் நகருக்குப் புதிதன்று. 1956-இல் அந்நாள் பம்பாயில், அரசின் ஃபிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவொன்றைத் தொடங்கிற்று. டிஸ்னியில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் வந்து இளைஞர்களைப் பயிற்றினார். அவர்களுள் ஒருவர் ராம் மோகன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் கற்று, மேற்படிப்புக்காக இந்நகருக்கு வந்த அவர், அதனை விடுத்துச் சித்திரத் தொழிலில் புகுந்தார். இந்திய அனிமேஷனின் தந்தை என்று அவரைப் போற்றுகின்றனர். 2014-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார், 2019-இல் மறைந்தார். அவர் மறைந்த அதே 2019-இல், மும்பைத் தெருவில் பூ விற்கும் பெண்ணொருத்தியின் கதையைக் கூறும் 'பாம்பே ரோஸ்', வெனிஸில் விமர்சகர் வாரத்தின் தொடக்கப் படமாகத் திரையிடப்பெற்றது. கீதாஞ்சலி ராவ் இயக்கிய அப்படம் கையால் தீட்டப்பட்ட சித்திரங்களால் ஆகியது.

இனிப் பெற்றோருக்கு ஒரு சொல். ஆஸ்கார் பட்டியலில் நம் படம் வந்துவிட்டது என்னும் செய்தியை மட்டும் நம்பி, கடன் வாங்கிப் பயிற்சிக் கட்டணம் செலுத்த விரைய வேண்டா. பட்டியலில் நம்மவர் பெயர் இல்லையே என்று, வரையும் பிள்ளையின் கையைப் பற்றித் தடுக்கவும் வேண்டா. திரையில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரு நிமிடத்திற்கு 1,440 ஆயிற்று. ஓர் இலை மரத்திலிருந்து விழும் காட்சியை உங்கள் பிள்ளை 24 தாள்களில் சலியாமல் வரைகின்றானா, வரைகின்றாளா என்று முதலில் பாருங்கள். அப்பொறுமை இருக்குமாயின், தாராவியின் ஓரறை வீட்டிலும் ஒரு பழைய கணினியை வைத்துத் தொழிலைத் தொடங்கலாம். கட்டணத்தைப் பற்றிப் பின்னர் எண்ணலாம்.

அடுத்த மார்கழியிலும் பிள்ளைகள் வாதிடட்டும். எந்தப் படம் வரும் என்று கூறுவோரிடம், ஏன் வரும் என்றும் கேளுங்கள். விடை கூற முயலும் பிள்ளை படம் பார்க்கக் கற்றுக்கொள்ளும். அவர்களுள் ஒருவர் பின்னொரு நாள் படம் ஆக்கவும் கற்றுக்கொள்ளக்கூடும்.