சோப்புப் பாட்டிலில் பால் எதற்கு?

சென்ற ஆண்டு ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சிக்கு நடுவராகப் போயிருந்தேன். எட்டாம் வகுப்பு மாணவிகள் இருவர் ஒரு பாட்டிலுடன் நின்றிருந்தார்கள். "பால் கலந்த திரவ சோப்பு, இரசாயனம் எதுவும் சேராதது" என்று அட்டையில் அழகாக எழுதியிருந்தார்கள். செய்முறையும் சுலபம். ஒரு குளியல் சோப்பைத் துருவி வெந்நீரில் கரைக்க வேண்டியது. ஆறியபின் அரை டம்ளர் பாலை ஊற்றிக் கலக்க வேண்டியது. அவ்வளவுதான்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். புளித்த வாடை அடித்தது.

"ஏம்மா, இது எப்போது செய்தது?"

"போன வாரம், சார்."

செய்து பார்த்த உழைப்புக்கு மதிப்பெண் கொடுத்தேன். அட்டைக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று உங்களுக்கும் சொல்லவேண்டும்.

முதலில் அந்த "இரசாயனம் சேராதது" என்ற சொல். எண்ணெயும் காரமும் வினைபுரிந்து பிறப்பதுதான் சோப்பு. 100 கிராம் தேங்காயெண்ணெய் முழுவதும் சோப்பாக மாற ஏறக்குறைய 18 கிராம் சோடியம் ஹைட்ராக்சைடு தேவை. நாம் காஸ்டிக் சோடா என்று சொல்கிறோமே, அதுதான். அதற்குப் பதிலாகப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைப் பயன்படுத்தினால் இளகிய சோப்பு கிடைக்கும். அது நீரில் எளிதில் கரைந்து திரவமாகவே இருக்கும். கட்டி சோப்பைக் கரைத்தவர்களுக்கோ ஆறியதும் கூழ் போன்ற ஒன்றுதான் மிஞ்சும். அந்த மாணவிகளின் பாட்டிலிலும் அப்படித்தான் இருந்தது. ஆக, இரசாயனம் இல்லாமல் சோப்பு இல்லை. (கடையில் விற்கும் கை கழுவும் திரவங்களில் பல, கண்டிப்பாகச் சொன்னால் சோப்பே அல்ல, செயற்கை டிடர்ஜெண்டுகள். அது தனிக் கதை.)

சரி, பால் என்ன செய்கிறது? தோலை மென்மையாக்கும் என்பார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போமே. பசும்பாலில் 100க்கு சுமார் 87 பங்கு தண்ணீர். கொழுப்பு ஏறக்குறைய 4 பங்கு. 100 மில்லிலிட்டர் பாலை ஒரு லிட்டர் சோப்புக் கரைசலில் கலந்தால், ஒரு முறை கை கழுவ எடுக்கும் 2 மில்லிலிட்டரில் இருக்கும் பால் கொழுப்பு சுமார் 8 மில்லிகிராம். அதையும் அரை நிமிடத்தில் குழாய் நீரில் கழுவிவிடுகிறோம். கையிலுள்ள எண்ணெய்ப் பசையை நீக்குவதுதான் சோப்பின் வேலை. இது அழுக்கின் கொழுப்பு, இது பாலின் கொழுப்பு என்று அது தரம் பிரித்துப் பார்க்குமா?

நமக்குப் பயன்படாத பால் வேறு சிலருக்கு விருந்தாகிறது. பாலில் சர்க்கரை உண்டு, புரதம் உண்டு. பாட்டிலில் தண்ணீரும் தாராளம். பாக்டீரியாக்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? உலர்ந்த கட்டி சோப்பில் இந்த வசதி மிகவும் குறைவு.

"சோப்பே கிருமியைக் கொல்லுமே, அதில் கிருமி எப்படி வளரும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் சோப்பு பெரும்பாலும் கிருமிகளைத் தோலிலிருந்து பெயர்த்து நீரோடு அனுப்புகிறது, எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. சோப்புக் கரைசலிலேயே வாழக்கூடிய பாக்டீரியாக்களும் உண்டு. 2011இல் வெளியான ஓர் ஆய்வைக் கேளுங்கள். அமெரிக்காவில் ஓர் ஆரம்பப் பள்ளியில், திறந்து மீண்டும் மீண்டும் ஊற்றி நிரப்பும் 14 திரவ சோப்புப் பெட்டிகளைச் சோதித்தார்கள். பதினான்கிலும் பாக்டீரியா! அந்தச் சோப்பால் கை கழுவியவர்களின் கைகளில் ஒரு வகை பாக்டீரியாக்கள் குறைவதற்குப் பதில் சுமார் 26 மடங்கு கூடியிருந்தன. இத்தனைக்கும் அவற்றில் யாரும் பால் ஊற்றியிருக்கவில்லை. கடைத் திரவங்களில் கெடாமல் காக்கும் பொருள்களைச் சேர்ப்பது இதனால்தான். அதை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டுப் பாலையும் ஊற்றினால் எப்படி?

பால் கலந்த கட்டி சோப்பு செய்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பாலை உறையவைத்து, அதில் காரத்தைச் சிறிது சிறிதாகச் சேர்ப்பார்கள். காரம் கரையும்போது எழும் சூட்டில் பால் சர்க்கரை பழுப்பாகிவிடும். அமோனியா நெடியும் வரும். பிறகு பல வாரங்கள் காயவிடுவார்கள். இது பெரியவர்கள் வேலை. காஸ்டிக் சோடா கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஆசிரியர் பக்கத்தில் இல்லாமல் அதைத் தொடாதீர்கள். அலுமினியப் பாத்திரத்தில் அதை ஊற்றவே கூடாது. பாத்திரம் அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயு வெளிவரும்.

நீங்களே செய்யக்கூடியது ஒன்று உண்டு. துருவிய குளியல் சோப்பை நீரில் கரைத்து இரண்டு கண்ணாடி டம்ளர்களில் ஊற்றுங்கள். ஒன்றில் மட்டும் இரண்டு கரண்டி பால். தேதி எழுதி, தாளால் மூடி, பத்து நாள் நிறத்தையும் வாடையையும் குறித்து வாருங்கள். கையை உள்ளே விடவேண்டாம். வேறொரு டம்ளரில் கொஞ்சம் சோப்புக் கரைசலில் எலுமிச்சைச் சாறு பிழிந்து கலக்குங்கள். வெண்மையாகத் திரிந்து நுரை அடங்கும். அமிலம் சோப்பை மீண்டும் கொழுப்பு அமிலமாக்கிவிடுகிறது. பால் புளித்தால் உண்டாவதும் அமிலம்தானே!

அந்த மாணவிகளிடமும் இதையே சொன்னேன். அவர்களில் ஒருத்தி, "வாசனை எண்ணெய் சேர்த்தால் புளித்த வாடை போய்விடாதா, சார்?" என்று கேட்டாள். போய்விடும் என்றேன், அப்போது அது கெட்டுப்போனது உன் வீட்டில் யாருக்கும் தெரியாது என்றேன். சற்று யோசித்தவள், பேனாவை எடுத்து அட்டையின் இரண்டாவது வரியை அடித்தாள்.