அந்தக் கல்லை அங்கேயே விடுங்க

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல இன்டர்ன்ஷிப் பண்ணப்போ, ஒரு ஞாயித்துக்கிழமை பூண்டி பக்கம் குடியம் குகைக்குப் போனோம். முள்ளுக்காடு, கூழாங்கல் பாதை, பெரிய ஏத்தம் கிடையாது. ரூமுக்குத் திரும்பினா ரூம்மேட் பையில ஒரு கூர்க்கல். பேப்பர் வெயிட்டாம்!

1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபுட் பல்லாவரத்திலும், குடியத்துக்குப் பக்கத்து அதிரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கண்டெடுத்தார். அதிரம்பாக்கக் கருவிகளுக்குச் சுமார் 15 லட்சம் வயசுன்னு 2011-ல் ஆய்வு வந்துச்சு. எந்த மண் அடுக்குல கிடந்ததுன்னு தெரிஞ்சாதான் வயசு சொல்ல முடியும். மேஜைக்கு வந்துட்டா வெறும் கல்.

இப்போ அந்தப் பாதை வனத்துறையோட ‘ட்ரெக் தமிழ்நாடு’ல இருக்கு, ஆன்லைன் புக்கிங், கூடவே வழிகாட்டி. ‘ஈஸி ட்ரெயிலுக்கு எதுக்குப்பா கைடு?’ன்னு நம்ம பசங்க புலம்புறாங்க. ஈஸிங்கறதாலதான் வேணும். மலையேறத் தெரியாத நாங்களே போய் எடுத்துட்டு வந்தோமே!

அந்தக் கல்லு கருவியா, சும்மா கல்லா, தெரியாது. திருப்பி வைக்கலாம்னா, எங்க எடுத்தான்னு அவனுக்கே ஞாபகமில்ல.